வோக் சண்டையா, கேஸ் பில்லா? 2022 பிரிட்டன் தலைவர் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 கோடையில் பிரிட்டனின் ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி தனக்குப் புதுத் தலைவரைத் தேடியது. ஆளுங்கட்சி என்பதால் அந்தத் தலைவர்தான் நாட்டுக்கும் பிரதமர். வீட்டில் கேஸ் பில்லும் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போன அந்த எட்டு வாரத்தில் மேடைகளில் எதைப் பேசினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதை நான் விடாமல் கவனித்தேன். அதைப் பற்றி ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களும் இங்கே கடைத்தெருவில் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், போட்டி ஏன் வந்தது?

போரிஸ் ஜான்சன் 2022 ஜூலை 7 அன்று விலகப்போவதாக அறிவித்தார். கொரோனா ஊரடங்கில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகளும் அதற்காகப் போலீஸ் போட்ட அபராதமும் ஏற்கெனவே அவர் பெயரைக் கெடுத்திருந்தன. அதன் மேல், புகாருக்கு ஆளான ஒரு எம்.பி.க்கு, விஷயம் தெரிந்திருந்தும் கொறடா அலுவலகத்தில் பதவி கொடுத்தது வெளியே வந்தது. ஜூலை 5 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சுகாதார அமைச்சர் சஜித் ஜாவிதும் ராஜினாமா செய்தார்கள், அடுத்த இரண்டு நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பொறுப்புகளை விட்டு இறங்கினார்கள்.

எட்டுப் பேர் களத்தில் நின்றார்கள்: சுனக், லிஸ் டிரஸ், பென்னி மார்டன்ட், கெமி பேடனாக், டாம் டுகென்தாட், சுயெல்லா பிரேவர்மன், நதீம் ஜஹாவி, ஜெரெமி ஹன்ட்.

"பண்பாட்டுப் போர்" என்று எதைச் சொல்கிறார்கள்?

நாம் யார், நம் வரலாறு பெருமைக்குரியதா வெட்கத்துக்குரியதா, பெண் என்ற சொல்லுக்கு என்ன பொருள், படகில் வரும் அகதியை என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் பேரரசுக் காலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எந்தச் சிலை நிற்கலாம் எது நிற்கக் கூடாது... இப்படி அடையாளத்தைத் தொடும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. 2020 ஜூனில் பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைப் போராட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் ரொம்பச் சூடாகிவிட்டது.

"வோக்" என்ற சொல் கறுப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்தது. அநியாயத்தைக் கண்டு விழித்திரு என்பதுதான் அதன் அர்த்தம். 2022இல் பிரிட்டிஷ் வலதுசாரி மேடைகளில் அது ஒரு வசைச்சொல்லாகிவிட்டிருந்தது.

ஒரு அரசியல்வாதிக்கு இந்த விஷயங்களில் பெரிய வசதி ஒன்று உண்டு. கருவூலத்திலிருந்து ஒரு பென்னி எடுக்க வேண்டாம், ஒரே வாக்கியத்தில் நிலைப்பாட்டைச் சொல்லிவிடலாம், கூட்டம் அப்போதே கைதட்டும். மருத்துவமனை வரிசையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கணக்குக் காட்ட வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டும், யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ளத்தான் செய்வார்.

அந்தக் கோடையில் சாதாரண வீடுகளில் என்ன நிலைமை?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை விட்டுவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பிரிட்டனில் வீட்டு கேஸ், மின்சாரக் கட்டணத்துக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு ஒரு உச்சவரம்பு வைக்கிறது. சராசரி வீட்டுக்கு வருடக் கணக்கில் சொல்வார்கள். 2021 அக்டோபரில் அது 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 26 அன்று, அக்டோபரிலிருந்து 3,549 என்று அறிவித்தார்கள். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு ஐரோப்பாவில் கேஸ் விலை போன போக்குதான் முக்கியக் காரணம், ஆனால் காரணம் தெரிந்தால் பில் குறைந்துவிடாது.

சுனக்குக்கும் டிரஸ்ஸுக்கும் இடையில்தான் கடைசிச் சுற்று என்று முடிவான ஜூலை 20 அன்று காலையில்தான் ஜூன் மாதப் பணவீக்கம் 9.4 சதவீதம் என்ற செய்தி வந்தது. ஜூலை மாதத்துக்கு அது 10.1. நாற்பது வருடத்தில் பார்க்காத அளவு. ஆகஸ்ட் 4 அன்று நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி வட்டியை 1.25 சதவீதத்திலிருந்து 1.75 ஆக்கியது, 27 வருடத்தில் ஒரே தடவையில் அவ்வளவு ஏற்றியதில்லை. பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டும், நீண்ட மந்தநிலை வரும் என்றும் அன்றைக்கே எச்சரித்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் எண்ணிக்கை 65 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 18 நிமிடத்தில் வர வேண்டும் என்பது இலக்கு. ஜூலையில் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது, அந்த நாட்டு வரலாற்றில் அதற்கு முன்பு 40ஐத் தொட்டதே இல்லை.

வசதி குறைந்த வீடுகளில் முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர் இருக்கும். மூலைக்கடைக்குப் போய் அட்டையிலோ சாவியிலோ பத்து, இருபது பவுண்டு ஏற்றிக்கொண்டு வர வேண்டும், தீர்ந்தால் இருட்டு. அந்த மூலைக்கடைகளில் கணிசமானவற்றை நம் ஆட்கள்தான் நடத்துகிறார்கள், அதிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கடைக்கு வருபவர் இருபது போட்ட இடத்தில் ஐந்து போடுவதை முதலில் பார்ப்பது கல்லாவில் நிற்பவர்தான். அவருக்கும் நிம்மதியில்லை. ஆஃப்ஜெம் உச்சவரம்பு வீடுகளுக்கு மட்டும்தான், கடைகளுக்குக் கிடையாது. பால், இறைச்சி, குளிர்பானம் என்று நாள் முழுக்க ஓடும் ஃப்ரிட்ஜ்களை அணைக்கவும் முடியாது.

அப்படியானால் ஏன் மேடையில் வேறு விஷயம் ஓடியது? ஓட்டுப் போட்டது யார்?

போட்டியின் அமைப்பே அப்படி. 1998இல் வில்லியம் ஹேக் தலைவராக இருந்தபோது கொண்டுவந்த விதிப்படி, முதலில் எம்.பி.க்கள் பல சுற்றுகளில் ஓட்டுப் போட்டு இருவராகக் குறைப்பார்கள். பிறகு கட்சி உறுப்பினர்கள் அந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2022இல் ஓட்டுரிமை இருந்த உறுப்பினர்கள் 1,72,437 பேர். நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 70 லட்சம் அளவில் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட நானூறு பேரில் ஒருவர்தான்.

அந்த ஒருவரும் மற்ற 399 பேரைப் போன்றவர் இல்லை. சராசரி வாக்காளரைவிட வயது கூடியவர், ஆணாக இருக்கும் வாய்ப்பு அதிகம், தென் இங்கிலாந்துக்காரராக இருக்கும் வாய்ப்பும் அதிகம், பெரும்பாலும் சொந்த வீடு, வீட்டுக்கடன் அடைத்து முடித்தவர். அவருக்கு விலைவாசி தெரியாது என்று நான் சொல்லவில்லை, அவர்களிலும் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மீட்டரில் ஐந்து பவுண்டு போடும் வாடகை வீட்டுக்காரரின் குரல் அந்த அறையில் ஏறக்குறைய இல்லை. நிற்பவர் யாரிடம் ஓட்டுக் கேட்கிறாரோ அவர் காதுக்குத்தான் பேசுவார்.

பென்னி மார்டன்ட் விவகாரம் என்ன? அதை ஏன் எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள்?

பண்பாட்டுச் சண்டை போட்டியின் முடிவையே திருப்பியிருக்கக்கூடிய இடம் அது என்பதால்.

2004இல் வந்த பாலின அங்கீகாரச் சட்டப்படி, சட்ட ஆவணங்களில் பாலினத்தை மாற்ற மருத்துவர் சான்று வேண்டும், அந்தப் பாலினத்தில் இரண்டு வருடம் வாழ்ந்ததற்கு ஆதாரமும் வேண்டும். தெரசா மே ஆட்சியில், 2018இல், இந்த நடைமுறையை எளிதாக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அப்போது பெண்கள், சமத்துவத் துறையைக் கவனித்த அமைச்சர் மார்டன்ட். பிறகு அதே பொறுப்புக்கு வந்த லிஸ் டிரஸ், 2020இல், மருத்துவச் சான்று இல்லாமல் தாங்களே அறிவித்துக்கொள்ளும் முறை வேண்டாம் என்று திட்டத்தைக் கைவிட்டார்.

2022 ஜூலை நடுவில் உறுப்பினர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் மார்டன்ட் யாரோடு மோதினாலும் ஜெயிப்பார் என்று வந்தது. அவ்வளவுதான், நாலு வருடம் முந்தைய அந்த விஷயம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஜூலை 15 அன்று சேனல் 4 விவாதத்தில் பேடனாக்கும் டிரஸ்ஸும் அவரை நேருக்கு நேர் கேட்டார்கள்: அன்றைக்கு நீங்கள் எதை ஆதரித்தீர்கள்? தான் ஒருபோதும் அந்த முறையை ஆதரிக்கவில்லை என்றார் அவர். பத்திரிகைகளில் பழைய ஆவணங்கள் கசிந்தன. அடுத்த சில நாள் அவர் வாயைத் திறந்தாலே இதே கேள்வி.

எண்களைப் பாருங்கள். முதல் சுற்றில் மார்டன்ட் 67, டிரஸ் 50. மூன்றாவது சுற்றில் மார்டன்ட் ஒரு ஓட்டுக் குறைந்து 82, டிரஸ் 71. ஐந்தாவது, கடைசிச் சுற்றில் சுனக் 137, டிரஸ் 113, மார்டன்ட் 105. எட்டு ஓட்டில் வெளியே போனார். இந்த ஒரு விஷயத்தால் மட்டும்தான் தோற்றார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், விவாத மேடைகளில் அவருடைய பொருளாதாரத் திட்டம் மெலிந்து தெரிந்ததும் உண்மை. ஆனால் அந்தத் திட்டத்தைக் குடைந்து கேட்க வேண்டிய நேரத்தை வேறொன்று தின்றுவிட்டது. என் வருத்தம் அதுதான். அவருக்கு மட்டுமில்லை, டிரஸ்ஸின் திட்டத்துக்கும் அதேதான் நடந்தது, அதன் விலையைப் பிறகு எல்லோரும் கொடுத்தோம்.

பேடனாக் அப்போது என்ன செய்தார்?

அந்தப் போட்டிக்கு முன்பு வெளியில் பெரிதாகத் தெரியாதவர். ஜூலை 12 அன்று பிரசாரத்தைத் தொடங்கிய கட்டடத்தில் இரு பாலருக்கும் பொதுவாக இருந்த கழிப்பறைக் கதவுகளில் "ஆண்கள்", "பெண்கள்" என்று காகிதம் ஒட்டியிருந்தது செய்தியானது. பண்பாட்டுக் கேள்விகளில் தெளிவாகவும் துணிச்சலாகவும் பேசினார், அதை அவர் மனதாரவே நம்புகிறார் என்றுதான் நினைக்கிறேன். நாலாவது சுற்றுவரை வந்து 59 எம்.பி.க்களின் ஆதரவோடு வெளியேறினார். அந்த 59இல் பெரிய பங்கு டிரஸ் பக்கம் போயிருக்கும் என்று எண்களே சொல்கின்றன, ஏனென்றால் கடைசிச் சுற்றில் டிரஸ் கணக்கில் 27 கூடியது.

சுனக் கணக்குத் தெரிந்தவர் ஆயிற்றே, அவருமா இதில் இறங்கினார்?

இறங்கினார். உறுப்பினர்கள் மத்தியில் பின்தங்கியிருந்தார், அதுதான் காரணம் என்று என் கணிப்பு. ஜூலை 30 அன்று மேற்கு சசெக்ஸில் பேசும்போது, பசுமை நிலத்தில் புல்டோசரை நிறுத்தி என்ன பயன், இடதுசாரிகள் நம் வரலாற்றின் மீதும் மரபின் மீதும் புல்டோசர் ஓட்டும்போது என்கிற மாதிரி பேசினார். சிலைகள், பள்ளிப் பாடத்திட்டம், "அம்மா", "பெண்" போன்ற சொற்களைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற புகார், 2010ஆம் வருடச் சமத்துவச் சட்டத்தை மறுபரிசீலனை செய்வோம் என்ற வாக்குறுதி எல்லாம் அதில் இருந்தன.

இதே மனிதர்தான், கடன் வாங்கி வரியைக் குறைத்தால் வட்டியும் வீட்டுக்கடன் தவணையும் ஏறும் என்று மேடை மேடையாக எச்சரித்தவர். அவர் சொன்னது பலித்தது. பண்பாட்டு விஷயத்தில் அவருக்கும் டிரஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை, ருவாண்டாவுக்கு அகதிகளை அனுப்பும் திட்டத்தை இருவரும் ஆதரித்தார்கள். ஒரே கருத்துள்ள இருவர் எதற்கு அதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டும்? யார் சத்தமாகச் சொல்கிறார் என்பதில் மட்டும்தான் போட்டி.

அப்புறம் உடையைப் பற்றியும் ஒரு சண்டை. சுனக் 3,500 பவுண்டு சூட் போடுகிறார், டிரஸ் நாலரைப் பவுண்டு தோடு போடுகிறார் என்று அமைச்சராக இருந்த நாடின் டோரிஸ் ட்விட்டரில் எழுதினார். பொருளாதாரத்தைப் பற்றிய பேச்சுகூட இப்படி ஆளைப் பற்றிய பேச்சாக மாறிக்கொண்டிருந்தது.

பொருளாதாரம் பேசப்படவே இல்லை என்கிறீர்களா? வரியைப் பற்றி நிறையப் பேசினார்களே?

நியாயமான கேள்வி. கடைசி இருவருக்கு இடையில் மிகப் பெரிய சண்டையே வரியைப் பற்றித்தான். ஆனால் வரிக்குறைப்பும் அங்கே ஒரு அடையாளச் சின்னமாகிவிட்டது என்பது என் கருத்து. குறைப்பேன் என்றால் நீ உண்மையான கன்சர்வேட்டிவ், முன்னாள் பிரதமர் தாட்சரின் வாரிசு. பொறு என்றால் நீ சோஷலிஸ்ட் பக்கம் சாய்ந்தவன். யார் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

நாம் போட்டுப் பார்க்கலாம். டிரஸ்ஸின் முதல் வாக்குறுதி, அந்த ஏப்ரலில் ஏறிய தேசியக் காப்பீட்டு வரியின் 1.25 சதவீதத்தைத் திரும்பக் குறைப்பது. அந்த வரி வருடம் 12,570 பவுண்டுக்கு மேல் வரும் சம்பளத்துக்குத்தான். வருடம் 20,000 சம்பாதிப்பவருக்கு இந்தக் குறைப்பால் மிஞ்சுவது 93 பவுண்டு. ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்கு 1,093. ஓய்வூதியத்தில் மட்டும் வாழ்பவருக்குப் பூஜ்யம், ஏனென்றால் ஓய்வூதியத்தின் மேல் அந்த வரியே கிடையாது. இவர்கள் எல்லோருக்கும் எரிசக்தி பில் ஏறப்போவது 1,578 பவுண்டு. நிறுவன வரியை 19 சதவீதத்திலிருந்து 25 ஆக்கும் திட்டத்தை ரத்து செய்வதாகவும் சொன்னார். அது மீட்டரில் ஐந்து பவுண்டு போடுபவரின் பக்கமே வராது. பில்லில் சேர்ந்திருக்கும் பசுமை வரியை நிறுத்தினால் சுமார் 150 மிஞ்சும். சுனக் ஜூலை கடைசியில் மனம் மாறி, எரிசக்தி மீதான 5 சதவீத வாட் வரியை ஒரு வருடம் எடுக்கிறேன் என்றார், அது சுமார் 160.

நேரடி உதவியைப் பற்றிக் கேட்டபோது, கையில் பணம் கொடுப்பது தன் வழி இல்லை, வரியைக் குறைப்பதுதான் கன்சர்வேட்டிவ் வழி என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் டிரஸ் ஒரு பேட்டியில் சொன்னார். ஒரு மாதத்துக்குள் அரசு பணத்தில் மிகப் பெரிய உதவித் திட்டத்தை அவரே அறிவிக்க வேண்டி வந்தது. அது தப்பு இல்லை, செய்ய வேண்டியதுதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஆகஸ்ட் மாதம் எத்தனையோ முதியவர்கள் இந்தக் குளிரை எப்படித் தாண்டுவேன் என்று பயந்துகொண்டே கழித்திருக்க மாட்டார்கள்.

அந்த எட்டு வாரம் நாட்டை யார் நடத்தினார்கள்?

ஜான்சன் காபந்து பிரதமராக இருந்தார். பெரிய முடிவெல்லாம் அடுத்தவருக்கு என்று விட்டுவிட்டார்கள். முன்னாள் லேபர் பிரதமர் கோர்டன் பிரவுன், இப்போதே அவசர பட்ஜெட் போடுங்கள் என்று ஆகஸ்டில் எழுதினார். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் பில்லை 1,971இலேயே நிறுத்தி வைக்கலாம் என்று ஆகஸ்ட் 15 அன்று ஒரு திட்டம் கொடுத்தார். 3,549 என்ற எண் வெளிவந்தபோது உறுப்பினர்கள் பலருடைய ஓட்டுச்சீட்டு ஏற்கெனவே தபாலில் போயிருந்தது.

பண்பாட்டு விஷயங்கள் முக்கியமே இல்லை என்று சொல்ல வருகிறீர்களா?

இல்லை. ஒரு திருநருக்குத் தன் அடையாளச் சான்றிதழ் அன்றாட விஷயம்தான். வன்முறையிலிருந்து தப்பி வந்து பெண்கள் காப்பகத்தில் இருப்பவருக்கு அங்கே யார் வரலாம் என்ற கேள்வியும் அன்றாட விஷயம்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நிறத்துக்காக அடிவாங்கியவனுக்கு வரலாற்றுப் பாடத்தில் என்ன இருக்கிறது என்பது வெறும் பேச்சு இல்லை. நான் கோபப்படுவது, இவர்கள் யாருக்கும் எதுவும் செய்யாமல் இவர்களை மேடையில் நிறுத்திக் கைதட்டு வாங்குவதைப் பார்த்துத்தான். பாலின மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் நீண்டிருந்த காத்திருப்பு வரிசையைப் பற்றி அந்த விவாதங்களில் எவ்வளவு பேசினார்கள்? பெண்கள் காப்பகங்களின் நிதியைப் பற்றி? கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு நொந்துகொள்ள மாட்டேன்.

நிறத்தில் இவ்வளவு பன்மை இருந்த போட்டி, அதை நீங்கள் சொல்லவே இல்லையே?

சொல்ல வேண்டியதுதான். எட்டில் நாலு பேர் சிறுபான்மை இனத்தவர். சுனக் பஞ்சாபிக் குடும்பம், கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தது. பேடனாக் லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்தவர். ஜஹாவி இராக்கிய குர்து. பிரேவர்மனின் அப்பா கென்யாவிலிருந்து வந்த கோவாக்காரர், அம்மா மொரீஷியஸ் தமிழ் வம்சாவளி. அது பெருமைப்பட வேண்டிய மாற்றம் என்று நான் மனதார நம்புகிறேன். கடைசி உறுப்பினர் கூட்டம் ஆகஸ்ட் 31 அன்று வெம்ப்ளியில் நடந்தது. புடவைக்கடையும் நகைக்கடையும் சாப்பாட்டுக்கடையுமாக இருக்கும் ஈலிங் ரோடு அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. அந்தக் கடைக்காரர்களின் கரண்ட் பில்லுக்கு மேடையிலிருந்த இருவரிடமும் அன்று வரை தெளிவான பதில் இல்லை.

முடிவு என்ன ஆனது?

செப்டம்பர் 5: டிரஸ் 81,326, சுனக் 60,399. செப்டம்பர் 23 அன்று டிரஸ்ஸின் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 45 பில்லியன் பவுண்டுக்கு வரிக்குறைப்பு அறிவித்தார், அதற்குப் பணம் எங்கிருந்து என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத வீழ்ச்சி. ஓய்வூதிய நிதிகள் ஆட்டம் கண்டு, 28ஆம் தேதி இங்கிலாந்து வங்கி கடன்பத்திரங்களை வாங்க இறங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கடன் வட்டி எகிறியது. அக்டோபர் 14 குவார்டெங் நீக்கம், 20 டிரஸ் ராஜினாமா, 25 சுனக் பிரதமர்.

இதில் என் மனதில் நிற்பது செப்டம்பர் 29. அன்று காலை டிரஸ் லீட்ஸ், நார்ஃபோக், கென்ட், ஸ்டோக் என்று எட்டு பிபிசி உள்ளூர் வானொலிகளுக்கு அடுத்தடுத்துப் பேட்டி கொடுத்தார். அந்தத் தொகுப்பாளர்கள் பெரும்பாலும் கேட்டது இவைதான். என் வீட்டுக்கடன் என்ன ஆகும், பில் எவ்வளவு வரும், எங்கே போயிருந்தீர்கள். ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். கோடை முழுக்க நாடாளுமன்றச் செய்தியாளர்களும் பெரிய மேடைகளும் விட்டுவைத்த கேள்விகளை உள்ளூர் வானொலிக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் கேட்டு முடித்தார்கள். அந்தப் பேட்டியை ஜூலையில் நடத்தியிருக்கக் கூடாதா?

2024 போட்டியில் பாடம் கற்றார்களா?

2024 ஜூலை 4 தேர்தலில் கட்சி 121 இடத்துக்குச் சுருங்கியது. டிரஸ் தன் தொகுதியையே இழந்தார். அடுத்து வந்த தலைவர் போட்டியில் கடைசி இருவர் பேடனாக்கும் ராபர்ட் ஜென்ரிக்கும். ஜென்ரிக்கின் முக்கிய முழக்கம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து வெளியேறுவது. எல்லாப் பண்பாடுகளும் சமமல்ல என்று பேடனாக் எழுதினார். பிரசவ கால உதவித்தொகை அளவுக்கு மிஞ்சிப்போய்விட்டது என்கிற பொருளில் பேடனாக் ஒரு பேட்டியில் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் விளக்கம் கொடுத்தார். முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு சட்டப்படி கிடைக்கும் அந்தத் தொகை அப்போது வாரம் அதிகபட்சம் 184 பவுண்டு. கைக்குழந்தையோடு அதில் வாரத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் 2 அன்று பேடனாக் 53,806 ஓட்டு, ஜென்ரிக் 41,388. ஓட்டுரிமை இருந்த உறுப்பினர்கள் 1,31,680ஆகக் குறைந்திருந்தார்கள்.

அந்த 3,549 பவுண்டு பில் கடைசியில் யார் கட்டினார்கள்?

செப்டம்பர் 8 அன்று, சராசரி வீட்டுக்கு 2,500 என்று நிறுத்தி வைக்கும் திட்டத்தை டிரஸ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று மாலை எலிசபெத் ராணி காலமானதால் விவரம் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. 2,500 என்பது மொத்த பில்லுக்கான வரம்பு இல்லை, ஒரு யூனிட் விலைக்கான வரம்பை வைத்துப் போட்ட சராசரிக் கணக்கு. அதிகம் எரித்தால் அதிகம் வரும். யாருக்கும் 2,500க்கு மேல் வராது என்று டிரஸ்ஸே பேட்டிகளில் தவறாகச் சொன்னார், அதை நம்பி ஹீட்டரை விட்டு வைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று கவலைப்பட்டு அன்றைக்கு நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன திட்டத்தைப் புது நிதியமைச்சர் ஜெரெமி ஹன்ட் ஏப்ரல் வரை என்று சுருக்கினார், பிறகு ஜூன் 2023 வரை நீட்டினார்கள். கடைகளுக்கும் அக்டோபரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நிவாரணம் வந்தது. சுனக் நிதியமைச்சராக இருந்தபோது மே மாதம் அறிவித்த 400 பவுண்டும் அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு தவணையாக வந்தது. பில் கட்டும் வீடுகளுக்குத் தானாகவே கழிந்தது. பழைய முன்பண மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தபாலிலோ குறுஞ்செய்தியிலோ வவுச்சர் அனுப்பினார்கள், அதை எடுத்துக்கொண்டு கடைக்கோ தபால் நிலையத்துக்கோ போய் ஏற்ற வேண்டும். வீடு மாறியவர்களுக்கும் ஆங்கிலக் கடிதம் புரியாதவர்களுக்கும் போய்ச் சேராமல் அதில் நிறைய வவுச்சர் பயன்படாமலே கிடந்தது.

உங்கள் தெருவில் மூலைக்கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் குளிர்காலத்தில் எத்தனை பேருக்கு அவர் கடிதத்தைப் பிரித்துப் படித்து வவுச்சரை ஏற்றிக் கொடுத்தார் என்று.